ஹார்ட் டிஸ்க் ரெக்கவரி வேலை கற்க எது சரியான வழி: வீடா, கடையா, வகுப்பா, கருவியா?

லேப்டாப் சர்வீஸ் பார்க்கிற பலருக்கும் ஒரு கட்டத்தில் இந்த ஆசை வந்துவிடும். ஓடாத ஹார்ட் டிஸ்க்கோடு ஒருவர் வந்து நிற்பார், உள்ளே பிள்ளையின் சிறுவயதுப் போட்டோக்களோ கடைக் கணக்கோ பாதி எழுதிய ஆய்வேடோ இருக்கும், நாம் அதை வாங்கி வேறு ஊர் லேபுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருப்போம். இதை நாமே செய்தால் என்ன என்று தோன்றுவது இயல்புதான். கற்கவும் முடியும். ஆனால் எந்த வழியில் போகிறோம் என்பதைப் பொறுத்து என்ன கற்கிறோம் என்பதே மாறிப்போகிறது, அதனால்தான் இந்த ஒப்பீடு.

முதலில் ஒன்றைத் தனியே எடுத்து வைத்துவிடுகிறேன். உங்களுடைய ஒரே ஒரு டிஸ்க் போய்விட்டது, அதிலிருப்பதை எடுக்கத்தான் கற்க நினைக்கிறீர்கள் என்றால், தயவுசெய்து அந்த டிஸ்க்கில் கற்காதீர்கள். கரண்ட் கொடுப்பதை நிறுத்துங்கள், நல்ல லேபுக்கு அனுப்புங்கள். கீழே எழுதுவதெல்லாம் இதைத் தொழிலாக எடுத்துக்கொள்ள நினைப்பவர்களுக்கு.

நம் முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன. பழைய டிஸ்க்குகளை வாங்கி வீட்டிலேயே பழகுவது, ஏற்கெனவே இந்த வேலை நடக்கிற கடையில் சேர்வது, காசு கட்டி வகுப்புக்குப் போவது, நேரடியாகப் பெரிய கருவியை வாங்கி அதிலேயே கற்பது. என் தேர்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வீட்டில் தொடங்குங்கள், கடையில் வளருங்கள், கருவி வாங்குகிற நிலை வந்த பிறகு வகுப்புக்குப் போங்கள். எந்த வழியில் போனாலும் டிஸ்க்கைத் திறப்பதைக் கடைசியாகக் கற்றுக்கொள்ளுங்கள். ஏன் என்று புரிய, டிஸ்க்கில் எதெல்லாம் கெடுகிறது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

டிஸ்க்கின் அடியில் இருக்கிற பச்சைப் போர்டு கெடலாம். தவறான அடாப்டரைச் செருகியதால், அதிக வோல்டேஜிலிருந்து போர்டைக் காக்கும் டிவிஎஸ் டயோடு ஷார்ட் ஆகி, டிஸ்க் சுற்றவே சுற்றாமல் கிடக்கும். மல்டிமீட்டரில் பார்த்து அந்த டயோடைக் கழற்றினாலே பல டிஸ்க்குகள் எழுந்துவிடும் (காப்பு போய்விட்டது, அதனால் சரியான பவர் கொடுத்து உடனே காப்பி எடுத்துவிட வேண்டும்). போர்டே எரிந்திருந்தால் இன்னொரு போர்டை மாற்றினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தக் காலம் போய்விட்டது. இப்போதைய டிஸ்க்குகளில் அந்தந்த டிஸ்க்கின் ஹெட்டுக்கே (தட்டில் எழுதிப் படிக்கும் நுனி) உரிய அளவுகள் போர்டில் உள்ள சிறிய எட்டுக்கால் ரோம் (ROM) சிப்பில் எழுதப்பட்டிருக்கும். சில மாடல்களில் அது முக்கிய சிப்புக்குள்ளேயே இருக்கும். அந்தத் தகவலைப் புதிய போர்டுக்கு மாற்றாமல் பொருத்தினால், டிஸ்க் சுற்றும், தட்டும், எதையும் படிக்காது.

அடுத்தது ஃபர்ம்வேர். ஹார்ட் டிஸ்க் தன்னை இயக்குவதற்கான நிரலில் பெரும்பகுதியை, தகவல் பதியும் தன் தட்டுகளிலேயே, நாம் எட்ட முடியாத சர்வீஸ் ஏரியாவில் வைத்திருக்கிறது. கெட்ட செக்டர்களின் (தகவல் எழுதப்படும் சிறு பகுதிகளின்) பட்டியல், எந்த எண்ணுக்கு எந்த இடம் என்று மாற்றிக் கொடுக்கும் டிரான்ஸ்லேட்டர், இன்னும் நிறைய மாட்யூல்கள் அங்கே இருக்கும். இதில் ஒன்று கெட்டால், தட்டும் ஹெட்டும் நன்றாக இருந்தும் டிஸ்க் தன்னை அறிமுகம் செய்துகொள்ளாது. 2008, 2009 வாக்கில் சீகேட் 7200.11 டிஸ்க்குகளுக்கு நடந்தது இதுதான்: எஸ்டி15 போன்ற ஃபர்ம்வேர் பதிப்புகளில் இருந்த பிழையால், நேற்று வரை ஓடிய டிஸ்க் இன்று பயாஸில் தெரியாமல் போனது. மலிவான யுஎஸ்பி-டிடிஎல் மாற்றியை டிஸ்க்கின் சீரியல் பின்களில் இணைத்து, போர்டுக்கும் உள்ளே போகும் தொடுபுள்ளிகளுக்கும் இடையில் ஒரு காகிதத்தைச் செருகி, டெர்மினலில் சில கட்டளைகளைக் கொடுத்து உலகம் முழுக்க மக்கள் அவற்றை உயிர்ப்பித்தார்கள். ஹார்ட் டிஸ்க்குக்குள்ளே ஒரு சிறு கணினி ஓடுகிறது என்பதைப் பலரும் கண்ணால் பார்த்தது அப்போதுதான். பின்னர் வந்த சீகேட் டிஸ்க்குகளில் அந்தக் கதவு பூட்டப்பட்டுவிட்டது; இப்போது அதைத் திறக்கத் தனிக் கருவி வேண்டும்.

மூன்றாவது, ஹெட்டும் தட்டும். சுற்றுகிற தட்டுக்கு மேலே ஹெட் சில நானோமீட்டர் உயரத்தில்தான் மிதக்கிறது. ஒரு தலைமுடி அதைப்போல பல்லாயிரம் மடங்கு தடிமன். டிக் டிக் என்று தட்டுகிற டிஸ்க்கை மறுபடி மறுபடி ஆன் செய்தால், சிதைந்த ஹெட் தட்டின் மேல்பூச்சைச் சுரண்டிக்கொண்டே போகும், சுரண்டிய இடத்தில் இருந்த தகவலை எந்த லேபும் திருப்பித் தர முடியாது. இந்த ஒரு விஷயத்துக்காகத்தான் திறப்பதைக் கடைசியில் வையுங்கள் என்கிறேன்.

சரி, இப்போது வீட்டு வழி. செலவு குறைவு, யாருடைய டேட்டாவும் பணயம் இல்லை, நம் வேகத்தில் கற்கலாம். ஆனால் பெரும்பாலானோர் இந்த வழியைத் தலைகீழாகத் தொடங்குகிறார்கள்: முதல் நாளே ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்து மூடியைக் கழற்றுவார்கள். நான் சொல்வது வேறு. முதல் சில மாதங்கள் இமேஜ் எடுப்பதை, அதாவது டிஸ்க்கை அப்படியே முழுசாகக் காப்பி எடுப்பதை மட்டும் கற்றுக்கொள்ளுங்கள். பேட் செக்டர் நிறைந்த, தடுமாறுகிற, ஆனால் இன்னும் படிக்கிற டிஸ்க்குகளை ஸ்கிராப் விலைக்கு வாங்கி, லினக்ஸில் டிடிரெஸ்க்யூ போட்டு முழுசாக இன்னொரு டிஸ்க்குக்கு எடுக்கப் பழகுங்கள். அன்டோனியோ டியாஸ் டியாஸ் 2004 முதல் எழுதிவரும் இலவச நிரல் அது. அதன் சிறப்பே மேப் கோப்புதான்: எது படித்தாகிவிட்டது, எது பாக்கி, எது கெட்டது என்று குறித்து வைத்துக்கொள்ளும், நடுவில் நிறுத்தினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். முதல் சுற்றில் சுலபமான பகுதிகளை அள்ளிக்கொண்டு, அடம்பிடிக்கும் இடங்களைத் தாண்டிப் போய், கடைசியில்தான் அவற்றோடு மல்லுக்கட்டும். பலவீனமான ஹெட்டிடமிருந்து வாங்க வேண்டியதை முதலில் வாங்கிவிடு, தொல்லையைப் பிறகு கொடு என்கிற இந்த ஒழுங்கு மனதில் பதிந்துவிட்டால், பின்னால் பெரிய கருவியில் உட்காரும்போதும் நீங்கள் செய்யப்போவது இதையேதான்.

இமேஜ் கைக்கு வந்த பிறகு டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக், டிஎம்டிஇ, ஆர்-ஸ்டூடியோ, யுஎஃப்எஸ் எக்ஸ்புளோரர் ஆகிய ரெக்கவரி மென்பொருள்களை அந்த இமேஜின் மேல் ஓட்டுங்கள். டிஸ்க்கின் மேல் ஒருபோதும் வேண்டாம். விண்டோஸில் டிஸ்க்கைச் சரிசெய்யும் செக்டிஸ்க்கை ஓட்டிப் பார்க்கிறேன் என்று எத்தனை பேர் கோப்பு அமைப்பையே குலைத்துவிட்டார்கள் என்று லேப்களில் கேட்டால் தெரியும். விண்டோஸின் கோப்பு அமைப்பான என்டிஎஃப்எஸ்ஸில், கோப்புகளின் பட்டியலான எம்எஃப்டி எங்கே இருக்கிறது, பார்ட்டிஷன் டேபிள் எப்படி எழுதப்படுகிறது என்பதை ஹெக்ஸ் எடிட்டரில் கண்ணால் பார்த்துப் படியுங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் கடையில் சேரப் போகும்போது உங்களை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டப்போவது இந்தப் படிப்புதான்.

போர்டு வேலையையும் வீட்டிலேயே கற்றுவிடலாம். சால்டரிங் அயர்ன், ஹாட் ஏர், மல்டிமீட்டர், எட்டுக்கால் சிப்பைப் படித்து எழுதும் ஒரு மலிவான புரோகிராமர் போதும். டயோடு பார்ப்பது, ரோம் சிப்பைப் படித்து பேக்கப் எடுப்பது, ஒரு போர்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது, டபிள்யூடி (வெஸ்டர்ன் டிஜிட்டல்) போர்டுகளில் கறுத்துப்போன தொடுபுள்ளிகளை அழிரப்பரால் சுத்தம் செய்வது, எல்லாம் ஸ்கிராப் டிஸ்க்கில் செய்து பார்க்கக்கூடியவை.

அப்புறம் ஹெட் மாற்றம். வீட்டில் பழகலாம், பழக மட்டும். ஒரே மாடல், ஒரே குடும்பம், இரண்டும் நன்றாக ஓடுகிற டிஸ்க்குகளை வாங்குங்கள். ஒன்றின் ஹெட்டைக் கழற்றி அதிலேயே திரும்ப மாட்டிப் படிக்கிறதா என்று பாருங்கள், அது கைவந்த பிறகு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு. ஹெட் தட்டின் மேலேயே இறங்கி நிற்கும் பழைய டிஸ்க்குகளை விட, ஓரத்தில் இருக்கிற ராம்ப்பில் ஒதுங்கி நிற்கும் டிஸ்க்குகள் தொடக்கக்காரருக்கு ஏற்றவை. ஹெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் பிடிக்கும் சீப்புகள் விற்கின்றன, செர்பியாவின் எச்டிடி சர்ஜரி நிறுவனம் இதற்கென்றே பெயர்பெற்றது. சில டபிள்யூடி டிஸ்க்குகளில் மேல்மூடியின் ஸ்க்ரூ ஹெட் சுழலும் அச்சையும் பிடித்திருக்கும், அதைத் தளர்த்தினாலே ஹெட்டின் நிலை மாறிவிடும். இப்படிப்பட்ட குடும்பக் குணங்களை ஸ்கிராப்பில் கெடுத்துக் கற்பதுதான் நியாயம். சீகேட்டின் ரோஸ்வுட் குடும்பத்தை, அதாவது எஸ்டி1000எல்எம்035 மாதிரியான மெல்லிய லேப்டாப் டிஸ்க்குகளை, தொடக்கத்தில் தொடவே வேண்டாம். கடைக்கு அதிகம் வருவது அவைதான், அனுபவசாலிகளையே தண்ணி குடிக்க வைப்பதும் அவைதான்.

வீட்டு வழி எங்கே முட்டி நிற்கும்? ஃபர்ம்வேரில். இலவச நிரல்களால் சர்வீஸ் ஏரியாவுக்குள் போய் வேலை செய்வது மிகக் கொஞ்சம்தான் சாத்தியம். இன்னொரு குறை, வீட்டில் நாம் கெடுத்த டிஸ்க்கைத்தான் பார்ப்போம். தானாகக் கெட்ட டிஸ்க் வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

அந்தக் குறையைத் தீர்ப்பது கடை. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட், பெங்களூரு எஸ்பி ரோடு, டெல்லி நேரு பிளேஸ் மாதிரி இடங்களில் டேட்டா ரெக்கவரி என்று பலகை வைத்த கடைகள் நிறைய. ஆனால் பலகை ஒன்றாக இருந்தாலும் உள்ளே இரண்டு வகை. ஒரு வகை, டிஸ்க்கை வாங்கி வேறு லேபுக்கு அனுப்பி நடுவில் நிற்கும். இன்னொரு வகை, தானே வேலை செய்யும். சேர்வதற்கு முன் கேட்க வேண்டியது ரொம்ப எளிது: டோனர் டிஸ்க்குகள், அதாவது ஹெட் மாதிரியான பாகங்களைக் கழற்றி எடுக்க வைத்திருக்கும் டிஸ்க்குகள் எங்கே வைத்திருக்கிறீர்கள்? உண்மையில் வேலை செய்கிற கடையில் மாடல், ஃபர்ம்வேர், தயாரித்த நாள், எந்தத் தொழிற்சாலை என்று குறித்து அடுக்கிய அலமாரி ஒன்று கண்டிப்பாக இருக்கும். ஹெட் பொருந்த இந்த விவரமெல்லாம் தேவை, அலமாரி இல்லாமல் தொழில் நடக்காது. வடிகட்டிய காற்று சீராக வீசும் ஃப்ளோ கேபினெட்டும் இருக்க வேண்டும். மின்விசிறிக்குக் கீழே மேசையில் மூடியைத் திறக்கிற கடை என்றால், அண்ணன் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அங்கே கற்காதீர்கள். கை ஒருமுறை பழகிய தப்பை மாற்றுவது கஷ்டம். ஃப்ரீசரில் வைப்பது, தட்டிப் பார்ப்பது, தட்டைத் துணியால் துடைப்பது என்று பல தப்பு வைத்தியங்கள் இன்னும் உலவுகின்றன.

நல்ல கடை கிடைத்தால், சம்பளம் குறைவென்றாலும் போய்ச் சேருங்கள் என்பேன். வீட்டில் வருடக்கணக்கில் பார்க்க முடியாத வகைகள் அங்கே மாதக்கணக்கில் வந்துபோகும். சுற்றும் சத்தத்தை வைத்தே மோட்டார் இறுகியதா, ஹெட் தட்டில் ஒட்டியதா, ஃபர்ம்வேர் தொல்லையா என்று காது பிடித்துக்கொள்ளும். வகுப்பில் இது வராது. கஸ்டமரிடம் பேசக் கற்பதும் அங்கேதான். என்ன நடந்தது, கீழே விழுந்ததா, யார் யார் கையில் போனது, எந்த ஃபோல்டர் முக்கியம் என்று கேட்டுக் குறிப்பது பாதி வேலை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எத்தனையோ வீடுகளில் கம்ப்யூட்டர்கள் மூழ்கின. நனைந்த டிஸ்க்கை வெயிலில் காயவைத்து ஆன் செய்து பார்ப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும், அதுதான் தப்பு. காற்றுத்துளை வழியே உள்ளே போன தண்ணீர் காய்ந்தால் சேறும் உப்பும் தட்டில் படிந்துவிடும், ஆன் செய்த நொடியில் ஹெட் அதில் மோதும். ஈரத்தோடு பையில் கட்டி அப்படியே லேபுக்குக் கொண்டுவரச் சொல்ல வேண்டும். போனில் கூப்பிடுகிறவருக்கு இதைச் சொல்லத் தெரிந்திருப்பதே ஒருவருடைய டேட்டாவைக் காப்பாற்றும்.

கடையில் இன்னொன்றையும் கவனியுங்கள். மற்றவர்களின் குடும்பப் போட்டோக்கள், வங்கி விவரங்கள், அந்தரங்கம் எல்லாம் அந்தத் திரையில் ஓடும். கோப்பு திறக்கிறதா என்று பார்ப்பதற்கு மேல் ஒன்றையும் பார்க்காத, வேலை முடிந்து டெலிவரி ஆனதும் காப்பியை அழிக்கிற கடையில் கற்றுக்கொள்ளுங்கள். அப்படி இல்லாத இடத்தில் என்ன வித்தை இருந்தாலும் வேண்டாம்.

வகுப்புகளைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு இல்லை. சில நாட்களில் டேட்டா ரெக்கவரி நிபுணர் சான்றிதழ் என்று விளம்பரம் செய்பவற்றில் பல, ரெக்கவரி மென்பொருளை ஓட்டக் கற்றுத் தருகிறவை. அதை வீட்டிலேயே கற்றுவிடலாம். கேட்க வேண்டிய கேள்விகள்: ஒவ்வொருவருக்கும் தனியாக ஃபர்ம்வேர் கருவி கிடைக்குமா, என் கையால் ஹெட் மாற்ற டிஸ்க் கொடுப்பீர்களா, நான் கொண்டுவருகிற கெட்ட டிஸ்க்கை எடுத்துக்கொள்வீர்களா. மூன்றுக்கும் ஆமாம் என்றால் யோசிக்கலாம். கருவி தயாரிக்கும் நிறுவனங்களே நடத்தும் பயிற்சி வேறு தரம், ஆனால் அங்கே அடிப்படை தெரிந்தவராகத்தான் போக வேண்டும். எதுவும் தெரியாமல் போனால் மாட்யூல் பெயர்களை நோட்டில் எழுதிக்கொண்டு திரும்புவதோடு சரி. ஓராண்டு கடையில் இருந்துவிட்டுப் போகிறவர், நேற்று மாட்டிக்கொண்ட ஒரு கேஸை மனதில் வைத்துக் கேள்வி கேட்பார், அவருக்குக் கொடுத்த காசு முழுசாக வசூலாகும்.

இனி கருவி. ரஷ்யாவின் ரோஸ்தோவ் நகரில் தொடங்கிய ஏஸ் லேப் நிறுவனத்தின் பிசி-3000தான் இந்தத் தொழிலில் எல்லோரும் வைத்து அளக்கிற கருவி. ஃபர்ம்வேர், இமேஜிங் இரண்டையும் செய்யும், டிஸ்க் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் தனித் தொகுதி உண்டு. விலை லட்சக்கணக்கில், அதற்கு மேல் அப்டேட்டுக்கும் தொடர்ந்து செலவு உண்டு. அப்டேட் இல்லாவிட்டால் புதிய குடும்பங்களுக்கு வழி இருக்காது. சீனாவின் எம்ஆர்டி, டால்ஃபின் கருவிகள் மலிவு, பரவலான பல கேஸ்களுக்குப் போதும், ஆனால் புதிய டிஸ்க்குகளுக்கான வழி பிசி-3000இல்தான் பெரும்பாலும் சீக்கிரம் வருகிறது. கனடாவின் டீப்ஸ்பார் இமேஜிங்கில் வலுவானது. அவர்களுடைய சிறிய கருவியான ரேபிட்ஸ்பார், ஃபர்ம்வேருக்குள் ஆழமாகப் போக விரும்பாத சர்வீஸ் கடைக்காரர்களுக்கென்றே செய்தது. சும்மா பேட் செக்டர், தடுமாறும் டிஸ்க் மட்டும் பார்க்கிற கடைக்கு அதுவே போதும் என்பது என் கருத்து, ஹெட் மாற்றத்தை லேபுக்கு அனுப்பிவிடலாம்.

முதலிலேயே கருவியை வாங்கி அதில் கற்கிறேன் என்கிறவர்களுக்கு நான் பயப்படுவது கடனைப் பற்றி மட்டும் இல்லை. சர்வீஸ் ஏரியாவில் எழுதுகிற ஒவ்வொரு பொத்தானும் டிஸ்க்கை மாற்றுகிறது. ரோமையும் முக்கிய மாட்யூல்களையும் பேக்கப் எடுக்காமல் ஒரு டிரான்ஸ்லேட்டரைத் திரும்ப உருவாக்கினால், சில டிஸ்க்குகளில் டேட்டாவுக்கான வரைபடமே போய்விடும். தகவல் தடங்களை ஒன்றின் மேல் ஒன்று சற்று ஏறும்படி எழுதும் எஸ்எம்ஆர் டிஸ்க்குகளில் இந்த ஆபத்து இன்னும் கூர்மையானது, ஏனென்றால் அங்கே எந்தத் தகவல் எங்கே என்பதை இரண்டாவது வரைபடம் ஒன்று முடிவுசெய்கிறது, அது கெட்டால் தட்டு முழுசாக நன்றாக இருந்தும் பூஜ்யங்கள்தான் வரும். கருவி விலை கட்டாயப்படுத்துவதால் வருகிற கேஸையெல்லாம் எடுக்கத் தோன்றும். அந்தத் தோன்றல்தான் பிறருடைய டேட்டாவைக் கொல்லும்.

ஹார்ட் டிஸ்க்கே போய்க்கொண்டிருக்கும்போது இதைக் கற்க வேண்டுமா, எஸ்எஸ்டிக்கு நேராகப் போய்விடலாமே என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. ஹார்ட் டிஸ்க் தயாரிப்பவர்கள் இன்று சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா மூவர்தான், புதிய லேப்டாப்களில் எஸ்எஸ்டிதான் வருகிறது. ஆனால் எஸ்எஸ்டி ரெக்கவரி தொடக்கக்காரருக்கு இன்னும் இறுக்கமான கதவு. அழித்த கோப்பை, அதன் இடத்தைக் காலிசெய்யச் சொல்லும் டிரிம் கட்டளை வந்த பிறகு மீட்பது பெரும்பாலும் நடக்காது, எஸ்எஸ்டியை இயக்கும் கன்ட்ரோலர் சிப் செத்தால் அந்தக் குறிப்பிட்ட கன்ட்ரோலருக்குக் கருவியில் வழி இருந்தால்தான் உண்டு, பலவற்றில் என்கிரிப்ஷன் வேறு. பென் டிரைவ், மெமரி கார்டு வேலை தனிக் கிளை. மைக்ரோ எஸ்டி கார்டின் அடிப்பூச்சைச் சுரண்டி, மெல்லிய கம்பிகளை மைக்ரோஸ்கோப்பில் பற்ற வைக்கும் பொறுமை இருந்தால் அதில் நல்ல எதிர்காலம் உண்டு, மொபைல் போர்டு வேலை தெரிந்தவர்களுக்குக் கை சீக்கிரம் வரும். வெளி ஹார்ட் டிஸ்க்குகள், சிசிடிவி, அலுவலகத்தில் நெட்வொர்க்கில் பகிரும் நாஸ் சேமிப்புப் பெட்டிகள், டேட்டா சென்டர்கள் எல்லாம் இன்னும் தட்டில்தான் எழுதுகின்றன. அதனால் ஹார்ட் டிஸ்க்கில் தொடங்கி, எஸ்எஸ்டி, பென் டிரைவ் மாதிரியான ஃப்ளாஷுக்குப் போவதே எனக்குச் சரியாகப் படுகிறது. கோப்பு அமைப்பும் இமேஜிங் ஒழுங்கும் இரண்டுக்கும் பொதுதான்.

சரியான கைகளில் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 2003இல் கொலம்பியா விண்கலம் சிதறி விழுந்தபோது, அதிலிருந்த ஒரு சீகேட் டிஸ்க் கருகிய உலோகக் கட்டியாகக் கிடைத்தது. கிரோல் ஆன்ட்ராக் பொறியாளர்கள் தட்டுகளைச் சுத்தம் செய்து வேறொரு உடலில் பொருத்தி ஏறக்குறைய முழு டேட்டாவையும் எடுத்தார்கள், செனான் வாயுவைப் பற்றிய அந்த ஆய்வு முடிவு 2008இல் வெளியானது. வெளியே எவ்வளவு எரிந்தும் தட்டில் டேட்டா இருந்த பகுதி கெடாமல் இருந்ததால்தான் அது முடிந்தது. நம் மேசைக்கு வருகிற பல டிஸ்க்குகள் வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே தட்டில் வளையம் வளையமாகக் கீறியிருக்கும்.

ஆகவே யார் எதை எடுக்கலாம் என்றால்: சொந்தமாக சர்வீஸ் கடை வைத்திருக்கிறவர், கடையை விட்டுப் போய்ச் சேர முடியாதவர், வீட்டு வழியோடு ரேபிட்ஸ்பார் மாதிரி ஒன்றை வாங்கி இமேஜிங் வரை செய்யட்டும், மற்றதை நம்பகமான லேபுக்கு அனுப்பட்டும். படிப்பு முடித்து வேலை தேடுகிற இளைஞர் ஆறேழு மாதம் வீட்டில் பழகிவிட்டு நேராக நல்ல கடையைத் தேடிப் போகட்டும். கையில் முதலீடு இருக்கிறவர் முதலில் அனுபவசாலி ஒருவரைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டு, பிறகு பிசி-3000 வாங்கி, அவரையும் கூட்டிக்கொண்டு பயிற்சிக்குப் போகட்டும்.

லேபுக்கு அனுப்புகிறவர்கள், முதல் டிஸ்க்கை அனுப்புவதற்கு முன்பே சிலவற்றை எழுத்தில் வாங்கிவிடுங்கள்: டேட்டா வராவிட்டால் கட்டணம் உண்டா, கஸ்டமர் வேண்டாம் என்றால் திறக்காமல் திருப்பித் தருவார்களா, திறந்திருந்தால் எந்த ஹெட், எந்தத் தட்டு கெட்டது என்று படத்தோடு சொல்வார்களா. நல்ல லேபுக்காரர் அந்தப் படத்தைக் காட்டி விளக்கவும் செய்வார். அதிலிருந்தும் நிறையக் கற்கலாம்.